தட்டிப் பார்த்துச் சொன்னவர்

கேள்வி: பூமியின் மையத்துக்கு யாரும் போனதில்லை. அங்கே இரும்புக் குண்டு இருப்பதாக எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?
– வாசகர், தேனி

பதில்: நியாயமான சந்தேகம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளையிடத் தொடங்கி, 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அடியில் 180 டிகிரி செல்சியஸ் வெப்பம். அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. மையமோ சுமார் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில்! தோலைக்கூட நாம் தாண்டவில்லை.

என் பாட்டி பலாப்பழத்தைப் பிளந்து பார்த்தா வாங்குவார்? விரலால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், "இன்னும் இரண்டு நாள் போகட்டும்" என்பார். நிலநடுக்கமும் அப்படியொரு தட்டல்தான். அதில் கிளம்பும் குறுக்கலைகள், அதாவது பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் அலைகள், திரவத்துக்குள் போகாது. அவை மறுபக்கம் வந்து சேராததால்தான், சுமார் 2,900 கிலோமீட்டருக்குக் கீழே உருகிய உலோகத்தாலான நடுப்பகுதி, அதாவது 'கரு', இருப்பது தெரிந்தது.

ஆனால், 1929-இல் நியூசிலாந்து குலுங்கியபோது, திரவத்துக்குள்ளும் போகக்கூடிய 'பி' அலைகள் சில, வரவே கூடாத இடங்களில் பதிவாயின. மற்றவர்கள் அதற்குச் சமாதானம் சொல்லிவிட்டு நகர, டென்மார்க் பெண்மணி ஒருவர் விடவில்லை. பெயர் இங்கே லேமன். (ஆம், பெயரே 'இங்கே'தான்!) கணினி இல்லாத காலம், ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளில் குறிப்பு அட்டைகளை அடுக்கிவைத்துக் கணக்குப் போட்டார். உருகிய கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது, அலைகள் அதில் பட்டுத் திரும்புகின்றன என்று 1936-இல் எழுதினார். அது திடமானது என்பது பிறகு உறுதியானது. அத்தனை அழுத்தத்தில் அந்தச் சூட்டிலும் இரும்பு உருகாது.

அவருடைய கட்டுரையின் தலைப்பு 'பி' என்ற ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான்.