ஒரே அலமாரித் தட்டில் இரண்டு பாட்டில், ஒன்றில் மட்டும் எச்சரிக்கை ஏன்?

வணக்கம் சகோதரி. அயர்லாந்தின் டப்ளின் நகரக் கடையில் ஒரு வைன் பாட்டிலில் புற்றுநோய் எச்சரிக்கை இருக்கிறது, பக்கத்து பாட்டிலில் இல்லை, எது போலி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அசல்தான். எச்சரிக்கை இன்னும் கட்டாயமாகவில்லை. முன்கூட்டியே அச்சடித்த சில தயாரிப்பாளர்களின் சரக்கு கடைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அயர்லாந்து இதற்கான சட்டத்தை 2018-லேயே போட்டது. லேபிள் விதிகளில் அமைச்சர் கையெழுத்திட்டது 2023 மே மாதம். கல்லீரல் நோய், கர்ப்பகால ஆபத்து, மதுவுக்கும் உயிர்க்கொல்லிப் புற்றுநோய்க்கும் உள்ள நேரடித் தொடர்பு, எல்லாம் பாட்டிலிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. 2026 மே மாதம் தொடங்க வேண்டியதை, உலக வர்த்தகச் சூழலைக் காரணம் காட்டி 2028 செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

வர்த்தக ஒப்பந்தம் நுழையும் இடம் இதுதான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, இப்படிப் புது லேபிள் கொண்டுவரும் நாடு மற்ற நாடுகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவை ஆட்சேபிக்கலாம். வைன் ஏற்றுமதி செய்யும் இத்தாலி கடுமையாக எதிர்த்தது. மக்கள் நலனைக் காப்பது நியாயமான நோக்கம் என்று அதே ஒப்பந்தமே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் ஆட்சேபம், விளக்கம் என்று வருடங்கள் ஓடுகின்றன. ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்த 2012 சட்டம், விஸ்கி நிறுவனங்களின் சங்கம் போட்ட வழக்கைத் தாண்டி அமலுக்கு வர 2018 ஆயிற்று. வழக்கில் அரசுதான் ஜெயித்தது. போன ஆறு வருடம் போனதுதானே! எனக்கு ஆற்றாமை அதில்தான்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த இரண்டு பாட்டில்களையும் சேர்த்து எடுத்த படத்தையும் இணையுங்கள்.