துருவின் மேலேயே பூச்சு அடித்த பட்டறை மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என்னிடம் ஐம்பது வருடத்துக்கும் மேலான கார் ஒன்று இருக்கிறது. அடிப்பகுதித் துருவை முழுக்க எடுத்து, பிரைமர் அடித்து, அண்டர் கோட்டிங் போட்டுத் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். பில்லிலும் அப்படியே எழுதி மூன்று வருட வாரண்டி கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் வேறு வேலைக்காக வண்டியை லிஃப்டில் ஏற்றினால் பூச்சு பாளம் பாளமாக உரிகிறது, ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினாலே தகரம் பொத்துக்கொள்கிறது. கேட்டதற்கு, "பழைய வண்டி, துரு வரத்தான் செய்யும், கொண்டு வாருங்கள், இன்னொரு கோட் இலவசமாக அடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். உடனே சரிசெய்யாவிட்டால் வண்டி போய்விடும். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன், வண்டியைத் தயவுசெய்து அந்தப் பட்டறைக்குள் திரும்ப விடாதீர்கள். அவர்கள் அடிக்கப் போகும் அந்த இலவசக் கோட் உங்கள் ஆதாரத்தின் மேல்தான் விழும். அவசரப்பட்டு வேறு இடத்தில் சுரண்டி வெல்டிங் வைத்துவிட்டாலும் அதே கதிதான், ஏனென்றால் உங்கள் வழக்கு முழுக்க அந்தப் பூச்சுக்கும் தகரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

பழைய வண்டியில் துரு வரும் என்பது உண்மைதான், அதை நுகர்வோர் ஆணையத்திலும் சொல்வார்கள். நீங்கள் காட்ட வேண்டியது துரு வந்ததை அல்ல, துரு எடுக்கப்படவே இல்லை என்பதை. உரிந்த பாளத்தைத் திருப்பிப் பாருங்கள். அதன் உள்பக்கத்தில் பிரைமரின் நிறமே இல்லாமல் செதில் செதிலாகத் துரு ஒட்டிக்கொண்டிருந்தால், துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தார் கலந்த பூச்சு நாளானால் இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற முடியாமல் அங்கேயே நிற்கும், மேலே கறுப்பாகப் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகரம் அரித்துக்கொண்டே போகும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகளையும் பாருங்கள், அவற்றைப் பூச்சால் அடைத்திருந்தால் அது வண்டியின் வயதால் வந்ததல்ல, வேலை தெரியாத கையால் வந்தது.

சரி, எப்படிப் பதிவு செய்வது? வாகனச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் அல்லது ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரைப் பிடியுங்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் பூச்சை அகற்றிப் பரிசோதிக்கப் போகிறோம், நீங்களும் வந்து பாருங்கள் என்று பட்டறைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் உங்களுக்கு இன்னும் நல்லது, பிறகு "எங்களுக்குத் தெரியாமல் கிளறிவிட்டார்கள்" என்று வாதாட இடமிருக்காது. அந்தச் சர்வேயர் அல்லது பொறியாளர் முன்னிலையில் நாலைந்து இடத்தில் சுரண்டி வீடியோ எடுங்கள், உரிந்த துண்டுகளை உறையில் போட்டு, தேதி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அறிக்கையைப் பிரமாணப் பத்திரத்தோடு தரச் சொல்லுங்கள். செல்போன் வீடியோவுக்கு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படியான, மின்னணுப் பதிவை ஆதாரமாக ஏற்கத் தேவையான சான்றிதழையும் இப்போதே தயார் செய்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு தாராளமாக வண்டியைச் சரிசெய்யுங்கள், வழக்கு முடியும்வரை துரு காத்திருக்காது. அந்தச் செலவின் பில்தான் உங்கள் இழப்பீட்டுக் கணக்கு.

சட்டம் உங்கள் பக்கம்தான். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் விட்டதும், செய்யாததை மறைத்ததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)இன்படி சேவைக் குறைபாடு. பிரிவு 69 மட்டும்தான் எனக்குக் கவலை: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் பதிவாக வேண்டும். குறை தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம், வாரண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாம் வாதாடலாம், ஆனால் அந்த வாதமே தேவைப்படாத மாதிரி பில் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது ஆறு மாதம். "பார்க்கலாம் சார், அடுத்த வாரம் வாங்க" என்று அவர்கள் இழுத்தடிக்கிற ஒவ்வொரு வாரமும் அதில்தான் கழியும், அதனால் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு அப்புறம் தாமதிக்காமல் தாக்கல் செய்யுங்கள். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம், நுகர்வோர் புகார்களுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் ஆன்லைனிலும் முடியும்.

வண்டியைக் கல்யாணத்துக்கோ படப்பிடிப்புக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை. விட்டிருந்தால் "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல" என்பதுதான் எதிர்தரப்பின் முதல் ஆட்சேபணையாக இருக்கும். உங்கள் வக்கீலிடம் அதை மறைக்காதீர்கள்.

பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு வாங்கியிருந்தால், அல்லது வாங்கும் எண்ணம் இருந்தால், வெல்டிங் வைக்கும்போதும் கவனம் வேண்டும். 2021இல் வந்த விதிகள் சேசிஸிலும் பாடியிலும் மாற்றம் செய்யாத, மூல வடிவிலேயே பராமரித்த வண்டியைத்தான் விண்டேஜ் என்கின்றன. அரித்துப்போன தகட்டை அதே வடிவில், அதே இடத்தில் மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, வெட்டியெடுத்த பழைய தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள், ஆணையத்தில் மேசைமேல் வைத்துக் காட்ட அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.