குட் நைட், சார்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கனடாவில் ஹாமில்டன் நகரில் வசிக்கிறேன். போன மாதம் இங்குள்ள விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில், இன்னும் பறக்கும் நிலையில் உள்ளவை உலகில் இரண்டுதானாம். ஒன்று பிரிட்டனில், மற்றது இங்கே. இங்குள்ளதற்கு ஆண்ட்ரூ மைனார்ஸ்கியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் போரில் எரியும் விமானத்தில் நண்பரை மீட்கப் போய் உயிர்விட்டு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர். முழுக் கதையையும் கேட்டதும் எனக்கு ஒன்று நெருடியது. அவரால் நண்பரை மீட்க முடியவில்லை. நண்பர் அதிர்ஷ்டத்தால் பிழைத்தார். இவர் மட்டும் உடனே குதித்திருந்தால் ஏழு பேருமே பிழைத்திருக்கலாம். பலிக்காத முயற்சிக்கு இவ்வளவு பெரிய விருதா? அதுவும், இரவில் ஊர்கள்மீது குண்டுபோடப் போகும் படையில் இருந்தவருக்கு? கேட்பது தவறென்றால் மன்னியுங்கள்.

வாசகர், ஹாமில்டன்

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? நினைவுச் சின்னத்தின் முன்னால் நின்று இப்படிக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் கணக்கும் சரியானதுதான். ஆனால் அது விடிந்த பிறகு போட்ட கணக்கு. அந்த நள்ளிரவில் விமானத்துக்குள் இருந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு.

லான்காஸ்டரின் வால் நுனியில் ஒரு துப்பாக்கிக் கூண்டு உண்டு. ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவுதான். பாராசூட்டைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள இடமில்லை. முதுகுப் பக்கத்துக் கதவுகளுக்கு வெளியே, விமானத்தின் உடலுக்குள் தொங்கும். தப்பிக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி, முதுகுப் பக்கமாக வானத்தில் விழ வேண்டும். கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தம் வருவது எஞ்சினிலிருந்து.

1944 ஜூன் 12 இரவு, கனடா விமானப்படையின் 419ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவைச் சேர்ந்த மைனார்ஸ்கியின் விமானம் பிரான்சில் காம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் புறப்பட்டது. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் ஜெர்மானிய இரவுப்போர் விமானம் ஒன்று கீழிருந்து சுட்டதில் இடது பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் போயின. இறக்கையும் உடலின் பின்பகுதியும் தீப்பிடித்தன. குதிக்கச் சொல்லிவிட்டார் விமானி. வால் கூண்டிலிருந்த பாட் பிரோஃபி பாராசூட்டை மாட்டிக்கொண்டு திருப்பினால், கூண்டு பாதியில் நின்றுவிட்டது. கையால் சுற்றும் பிடி இருந்தது. அது ஒடிந்து கையோடு வந்தது.

மைனார்ஸ்கி விமானத்தின் முதுகிலிருந்த கூண்டின் துப்பாக்கி வீரர். வின்னிபெக்கில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர், வயது 27. கீழிறங்கிக் குதிக்கும் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். எரியும் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு நடுவே முழங்காலில் தவழ்ந்து வால்வரை போனார். தீயணைப்புக் கோடரியால் கூண்டை நெம்பினார். பிறகு வெறுங்கையால் பிய்க்கப் பார்த்தார். அதற்குள் இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று பிரோஃபி கையசைத்துக் கத்தினார். மைனார்ஸ்கி முதுகைத் திருப்பவில்லை. நெருப்புக்குள் பின்புறமாகவே தவழ்ந்து வாசலுக்குப் போய், நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் சொன்னது என்னவென்று பிரோஃபிக்குத் தெரியும். சேர்ந்து ஊர் சுற்றிவிட்டுப் பிரியும் இரவுகளில், பதவியில் மேலே இருந்த நண்பரை அவர் கேலியாக வழியனுப்பும் வார்த்தை அது: "குட் நைட், சார்."

எரிந்தபடியே இறங்கியவரைப் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயங்களால் இறந்துபோனார். விமானமோ ஆளில்லாமல் தாழ்ந்துவந்து ஒரு மரத்தில் மோதி, அந்த மோதலில் பிரோஃபியை வெளியே வீசியெறிந்தது. அவருக்குப் பெரிய காயம்கூட இல்லை!

இங்கேதான் உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. பிரோஃபி அந்த மரத்தடியில் செத்திருந்தால் மைனார்ஸ்கி யார்? குதித்தும் பிழைக்காத இன்னொரு வீரர், பட்டியலில் ஒரு வரி. மற்ற ஐந்து பேருக்கும் பின்னால் நடந்தது தெரியாது. 1945இல் பிரோஃபி சொல்லித்தான் விமானிக்கே தெரிந்தது. அதன் பிறகே 1946 அக்டோபரில் விருது வந்தது. நீங்கள் சொல்லும் அதே அதிர்ஷ்டம்தான் சாட்சியைக் காப்பாற்றியது. காப்பாற்றப்போனவரின் பெயர் அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

கனடியப் பிரிவுகளும் சேர்ந்திருந்த பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். 1944 மே மாதம் பெல்ஜியத்தில் சேற்று நிலத்தில் அதே படையின் ஹாலிஃபாக்ஸ் என்ற வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்தது. அதில் மூன்று பேரின் உடல்களை 1997இல்தான் தோண்டியெடுத்தார்கள். ஐம்பத்து மூன்று வருடம்! அவர்களில் யாராவது ஒருவர் இன்னொருவருடைய கதவைப் பிய்க்கப் பார்த்தாரா? யார் வந்து சொல்வது? அந்த விமானத்தின் அலுமினியத்தை உருக்கி லண்டன் கிரீன் பார்க்கில் அந்தப் படைக்கு எழுப்பிய நினைவகத்தின் கூரைக்குப் பயன்படுத்தினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை மழுப்ப மாட்டேன். காம்ப்ரேயின் இலக்கு ரயில் யார்டு என்பது உண்மை. அதே படைதான் ஜெர்மன் நகரங்களான ஹாம்பர்க்கையும் டிரெஸ்டனையும் எரித்தது என்பதும் உண்மை. அந்த லண்டன் நினைவகம் 2012 வரை எழும்பாமல் இருந்ததற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களுக்கும் அங்கே ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். ஒரு வரி போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். அதற்காக, கோடரியோடு தவழ்ந்தவரை மறக்க வேண்டும் என்பதையும் ஏற்க மாட்டேன்.

அருகிலேயே இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது எஞ்சின்களை விட்டுவிட்டு, வால் பக்கமாகப் போய் நில்லுங்கள். உள்ளே ஏற விட்டால், வாசலிலிருந்து அந்தக் கூண்டின் கதவுவரை எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.