எலும்பில் ஒரு மாறுவேடம்: கோலாலம்பூர் நோய்க்குறியியல் மருத்துவர் பதில் சொல்கிறார்

செந்தூல் வாசகர்: அக்கா மகனுக்கு 16 வயது. முட்டிக்கு மேலே வீக்கம். ஒரு ரிப்போர்ட் கெரட்டின் பாசிட்டிவ், கார்சினோமா பரவியிருக்கலாம் என்கிறது. இன்னொன்று ஆஸ்டியோசர்கோமா என்கிறது. எதை நம்புவது டாக்டர்?

ஸ்லைடைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 16 வயது, முட்டி ஓரம் என்றதுமே கார்சினோமா என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. கார்சினோமா என்பது தோல், சுரப்பி, உள்ளுறுப்புகளின் உறைச் செல்லில் பிறக்கும் புற்று; எலும்புக்குப் பரவும் கார்சினோமா பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. எலும்பிலேயே பிறக்கும் புற்றான ஆஸ்டியோசர்கோமாவில் அரிதாகச் செல்கள் உருண்டு திரண்டு கூட்டமாக நிற்கும். சிலசமயம் சுரப்பிபோல வளையம்கூடக் கட்டும். கார்சினோமாவின் அடையாளமாக நினைக்கும் கெரட்டின் புரதச் சாயமும் ஏறிவிடும். ஆனால் செல்களுக்கு நடுவே பசார் மாலாம் இரவுச் சந்தைப் பஞ்சுமிட்டாய் இழைபோல, ரோஸ் நிறத்தில் ஆஸ்டியாய்டு, அதாவது இன்னும் சுண்ணாம்பு ஏறாத இளம் எலும்பு, தெரிந்தால் வேடம் கலைந்தது. அதைப் புற்றுச் செல்லே போட்டதா (அப்படியானால்தான் ஆஸ்டியோசர்கோமா), கார்சினோமா தூண்டிவிட்டுப் பக்கத்து எலும்புச் செல் போட்டதா என்று பார்ப்பதில்தான் கண் வலிக்கும். இறுகிய கொலாஜன் நார்ப்புரதமும் அதே ரோஸ். நானே ஒருமுறை ஏமாந்து, மறுநாள் காலை ரிப்போர்ட்டைத் திருத்தியிருக்கிறேன்.

சிகிச்சை இரண்டுக்கும் வேறு வேறு. மருந்து ஆரம்பிக்குமுன் இரண்டு இடத்து ஸ்லைடுகள், மெழுகில் பதித்த திசு பிளாக், எக்ஸ்ரே எல்லாவற்றையும் எலும்புக் கட்டி பார்க்கும் குழுவிடம் கொடுங்கள். எக்ஸ்ரேயை மறக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: எண்ணெய் போட்டு உருவினால் வீக்கம் வடியுமா?

உருவாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள்.

கெப்போங், லேப் ஊழியர்: கெரட்டின் ஏறினால் கார்சினோமா என்றுதானே படித்தோம்?

பாதிதான் படித்திருக்கிறீர்கள். எலும்புக் கட்டிகளான கோர்டோமாவிலும் ஏறும், அடமன்டினோமாவிலும் ஏறும்.

அவரே: அப்போ எஸ்.ஏ.டி.பி.2 சாயம் போட்டால் தீர்ந்ததே?

அது எலும்புப் பக்கம் கை காட்டும், சரி. பெருங்குடல் புற்றிலும் ஏறுமே, அப்போது?

அவரே: அப்படியென்றால் சாயமே வேண்டாமா?

வேண்டும், எக்ஸ்ரே பார்த்தபிறகு வேண்டும். லேப்பில் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: சுண்ணாம்பைக் கரைக்க எலும்புத் துண்டைக் கடும் அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்களா? சாயம் ஏறாததற்குப் பாதிக் காரணம் அதுதான். மரபணுச் சோதனைக்கும் ஒன்றும் மிஞ்சாது. அமிலத்துக்குப் பதில் மெதுவாகக் கரைக்கும் இ.டி.டி.ஏ. கரைசல் நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கிள்ளான்: அடமன்டினோமா பல் நோயா?

இல்லை. பெரும்பாலும் கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவே, டிபியா எலும்பில் வருவது. அப்போது அடமன்டினோமா என்றே அழைத்த தாடைக் கட்டியின் சாயல் இருந்ததால் 1913இல் பிஷர் என்ற மருத்துவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

செராஸ்: இன்சூரன்ஸ் கட்டுமா?

ஏஜெண்டைக் கேளுங்கள்.

பூச்சோங்: டாக்டர், லேசாக உருவினால்?

பிரிக்பீல்ட்ஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.