கடைசி ராத்திரியில் திறக்கும் நோட்டு

வணக்கம் சார்,

என் மகன் எட்டாம் வகுப்பு. காலாண்டு லீவில் ஐந்து பாட வினாத்தாள்களுக்கும் விடை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். "அப்புறம் எழுதறேன்மா" என்று சொல்லியே லீவு முழுவதையும் ஓட்டிவிட்டு, கடைசி நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தான். பன்னிரண்டு வரை அழுதுகொண்டே எழுதினான். கணக்குக்கு விடை நான்தான் சொன்னேன். திட்டியாயிற்று, போனைப் பிடுங்கி வைத்தாயிற்று. இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்ன மருந்து? அரையாண்டு லீவை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பேறிப் பையன் மூன்று மணி நேரம் அழுதுகொண்டு எழுத மாட்டான். எழுதாமலே பள்ளிக்கூடம் போய் நிற்பான். வள்ளுவரும் 'நெடுநீர் மறவி மடிதுயில்' என்று நான்கையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். நெடுநீர் தள்ளிப்போடுவது, மடிதான் சோம்பல்.

அவன் கடைசியாகத் திறந்தது கணக்கு நோட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புரியாத கணக்கின் முன் உட்கார்ந்தால் வயிற்றைப் பிசையும். "அப்புறம்" என்றதும் அது நின்றுவிடும். அந்த நிம்மதிதான் அவனை இழுக்கிறது. போனைப் பிடுங்கினால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் எனக்கு அறிவியல் ரெக்கார்டு நோட்டு அப்படி. படம் வராது என்று சொல்ல வெட்கம். பென்சில் சீவியே ஒரு மாதம் ஓட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "நீ வரையவே வேண்டாம், மார்ஜின் போட்டு தலைப்பை மட்டும் எழுதி எடுத்துட்டு வா" என்றார். எழுதிய பிறகு அந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடப்பது எனக்கே பொறுக்கவில்லை. இதயம் கொஞ்சம் கத்தரிக்காய் மாதிரிதான் வந்தது.

உங்கள் மகனும் "டிபன் சாப்பிட்டதும், இந்த மேஜையில், முதல் கணக்கின் கேள்வியை மட்டும் எழுதுவேன்" என்று தன் வாயாலேயே சொல்லட்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். நம் லீவு வீட்டுப்பாடமேதான்! எப்போது, எங்கே எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அளவுக்குச் சொன்ன நேரத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

காலாண்டுக் கதையை இனி எடுக்காதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களை வைத்து 2010இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். தினமும் குத்திக்காட்டினால் அந்த நோட்டைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்காது.

எழுதி முடித்த பரீட்சையை மறுபடி எழுத வைப்பது என்ன படிப்போ, அதைப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது, எந்தக் கணக்கு அவனுக்குப் புரியவில்லை என்பதையும் கணக்கு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அரையாண்டு லீவு தொடங்குவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். அப்புறம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விடை சொல்வதை விட்டுவிடுங்கள். அரைகுறை நோட்டையே எடுத்துக்கொண்டு போகட்டும்.