வாசகர் கேள்வி: பழைய டெலிபோன் கம்பி போதுமா?

கேள்வி: பெங்களூரு மல்லேஸ்வரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்துவிட்டதால் எனக்கு ஆன்டெனா வைக்க இடமில்லை. ஆன்டெனாவும் கென்வுட் டிஎஸ்-480 என்ற அமெச்சூர் (ஹாம்) ரேடியோக் கருவியும் ஒயிட்ஃபீல்டில் அண்ணன் வீட்டு மொட்டைமாடி அறையில் இருக்கின்றன. கழற்றக்கூடிய முகப்புப் பலகையை மட்டும் இங்கே கொண்டுவந்து, இரு வீடுகளிலும் ரேடியோவைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட்ரிக் பெட்டிகளை வைத்து, இணையம் வழியாக இயக்க விரும்புகிறேன். பலகையையும் கருவியையும் அந்தந்த வீட்டுப் பெட்டியோடு இணைக்க, வீட்டில் கிடக்கும் டெலிபோன் கம்பிகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். பிளக் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஆறு பின்களுக்கு இடமுள்ள பிளக்கோடு வரும் டெலிபோன் கம்பிகள் பலவற்றில் உள்ளே நான்கு இழைகளோ இரண்டே இழைகளோதான் இருக்கும்; உங்கள் முகப்புப் பலகைக்கு ஆறும் வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, டெலிபோன் கம்பிகள் பெரும்பாலும் தலைகீழாக இணைக்கப்பட்டிருப்பதுதான்: ஒரு முனையின் முதல் பின் மறுமுனையின் ஆறாவது பின்னுக்குப் போகும். டெலிபோனுக்கு அதனால் கேடில்லை. ஆனால் பலகைக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில் வருவதால், வரிசை மாறினால் மின்னழுத்தம் போகக்கூடாத பின்னுக்குப் போய்ப் பலகையையே பாழாக்கிவிடலாம்.

இரு பிளக்குகளையும் பூட்டு நாக்கு ஒரே பக்கம் பார்க்கும்படி அருகருகே பிடித்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியே நிற வரிசையைப் பாருங்கள். இரண்டிலும் இடமிருந்து வலமாக ஒரே வரிசை இருந்தால் அது நேர் இணைப்பு; ஒன்றில் வரிசை திரும்பியிருந்தால் தலைகீழ் இணைப்பு. நான் ஒருமுறை நிறத்தை மட்டும் நம்பி, உள்ளே முறிந்திருந்த ஓர் இழைக்காக ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தேன். ஆகவே மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஆறு பின்களையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எந்த வரிசை தேவை என்பதை ரிமோட்ரிக் கையேட்டில் உங்கள் கருவிக்கென உள்ள பின் அட்டவணையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஜம்பர்கள் என்ற, இடம் மாற்றக்கூடிய சிறு இணைப்புகள்தான் எந்தப் பின்னுக்கு எந்தச் சமிக்ஞை என்று முடிவு செய்கின்றன. வேறு கருவிக்காக அமைத்த பழைய பெட்டியாக இருந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டும். பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஆறு பின் பிளக்குகளும் ஆறு இழைத் தட்டைக் கம்பியும், பிளக்கைக் கம்பியில் அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் கருவியும் வாங்கி நீங்களே செய்துகொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

மைக்கின் எட்டுப் பின் பிளக் லேன் பிளக்கைப் போலவே இருப்பதால், இரண்டு கம்பிகளிலும் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் முனையில், ஆன்டெனாவுக்கு அருகே செல்லும் கம்பிகள் ரேடியோ அலையை வாங்கிக்கொள்ளும். பேசும்போது இணைப்பு அறுந்தாலோ ஒலி சிதைந்தாலோ, ஒவ்வொரு கம்பியையும், அந்த அலையைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். 100 வாட் ஒலிபரப்பில் இந்தக் கருவி 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால், இணையம் செயலிழந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்க வேறொரு வழி கட்டாயம் வேண்டும். அண்ணனுக்கு அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். ஏப்ரல், மே மாத இடிமழைக்கு முன் ஆன்டெனாக் கம்பியைக் கழற்றுவதும் அவர் கையால்தான் நடக்க வேண்டும்.

உங்கள் உரிமத்தில் நிலையத்தின் முகவரியாக எது உள்ளது என்று பார்த்து, தொலைவிலிருந்து இயக்குவது குறித்து ரேடியோ உரிமங்களைக் கவனிக்கும், டெல்லியில் உள்ள மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்த பிறகே ஒலிபரப்புங்கள்.