பெயருக்கு முன்னால் ஒரு கப்பல்

கேள்வி: என் கணவர் ஆஸ்திரேலியர். அவர்கள் குடும்பம் 1830களிலேயே அங்கே வந்துவிட்டது என்கிறார்கள். முன்னோரில் யாராவது பிரிட்டனிலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டவரா, சொந்தக் காசில் வந்து குடியேறியவரா என்று பழைய ஆவணங்களில் எப்படித் தேடுவது?

கைதியாக இருந்துவிட்டால் உங்களுக்கு வேலை சுலபம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மனைவி டாஸ்மேனியாக்காரி. மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். என் பக்கம் கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே நேராகக் குலதெய்வம்தான். மனைவி பக்கமோ, 1835இல் வந்த ஒருவருடைய மூக்கு எப்படி இருந்தது, புருவம் என்ன நிறம், வெறுங்காலில் நின்றால் எத்தனை அடி என்பது வரை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது.

காரணம் எளிது. பழைய அரசாங்கம் யாருக்காகக் காசு செலவழித்ததோ, யார் ஓடிவிடுவார் என்று பயந்ததோ, அவரைப் பற்றித்தான் விரிவாக எழுதியது. தானாக டிக்கெட் எடுத்து வந்த ஏழையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அந்தக் காலப் பத்திரிகைகளில் கப்பல் வந்த செய்தியைப் பாருங்கள்: கேபினில் வந்த கனவான்களின் பெயர்கள் இருக்கும், கீழ்த்தளத்தில் வந்தவர்கள் பல இடங்களில் வெறும் எண்ணிக்கைதான். 1830களிலிருந்து அரசு உதவித்தொகையில் அழைத்து வரப்பட்டவர்களுக்கு மட்டும் பட்டியல் நன்றாக இருக்கும், அங்கேயும் செலவழித்தது அரசாங்கம் என்பதால்தான்.

சரி, எங்கே தொடங்குவது?

கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் கணவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு. முக்கியமாக இறப்பு. ஆஸ்திரேலியா அப்போது ஒரே நாடு இல்லை, ஒவ்வொரு காலனியும் தனித்தனி. அரசுப் பதிவு டாஸ்மேனியாவில் 1838 டிசம்பரில் தொடங்கியது, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1841, தெற்கில் 1842, விக்டோரியாவில் 1853, நியூ சவுத் வேல்ஸில் 1856. அதற்கு முன்பு என்றால் தேவாலயப் பதிவேடுகள்தான்.

முதலில் தொடங்கிய டாஸ்மேனியாவின் பழைய இறப்புப் பதிவுகள் படு சிக்கனம். பெயர், வயது, தொழில், இறந்த காரணம், அவ்வளவுதான். தாமதமாகத் தொடங்கிய விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் எதையும் விடவில்லை. இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், எங்கே பிறந்தார், யாரை எங்கே எந்த வயதில் மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும், இவற்றோடு நமக்கு வேண்டிய தங்கமான ஒரு கட்டம்: காலனிகளில் எத்தனை ஆண்டுகள் இருந்தார்.

எங்கள் ஆள் 1866இல் விக்டோரியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் இறந்தவர். சான்றிதழில் "டாஸ்மேனியாவில் 19 ஆண்டு, விக்டோரியாவில் 13 ஆண்டு" என்று இருந்தது. கழித்துப் பார்த்தால் 1834. அப்போது அந்தத் தீவுக்கு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். 1853இல் கைதிக் கப்பல்கள் நின்றன, 1856இல் பழைய பெயரின் நாற்றமே வேண்டாம் என்று டாஸ்மேனியா ஆக்கிக்கொண்டார்கள். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் பழைய கைதிகள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டினார்கள். அவர்களைத் தடுக்க விக்டோரியா 1852இல் ஒரு சட்டமே போட்டது. ஆகவே அங்கே போனவர் தன் பழைய கதையை வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். எங்கள் குடும்பத்திலும் "அவர் வியாபாரி, சொந்தக் காசில் வந்தவர்" என்ற கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசம். எங்கள் ஆளின் பெயரைப் போட்டேன். ஏழு பேர் வந்தார்கள். நம்மூரில் முருகன் என்று தேடுவது மாதிரி. ஆண்டு பொருந்தி வந்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் 1833, இன்னொருவர் 1835. நான் 1833காரரைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன். இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊர்த் தேவாலயப் பதிவு வரை போய்விட்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய நடத்தைப் பதிவேட்டின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி கண்ணில் பட்டது: 1841இல் மருத்துவமனையில் இறந்தார். 1866இல் செத்தவரைத் தேடிப் போய், அதற்கு 25 ஆண்டு முன்பே செத்தவரைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிலின் சாரம். கைதி ஆவணங்களில் பெயர் என்பது பாதிப் பெயர்தான். மீதிப் பாதி கப்பல். நமக்கு இனிஷியல் மாதிரி, தெற்கத்திக்காரர்கள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் போட்டுக்கொள்வது மாதிரி, அங்கே ஒவ்வொரு கைதியின் பெயரோடும் "இன்ன கப்பலில் வந்தவர்" என்று சேர்த்தே எழுதுவார்கள். டிக்கெட் ஆஃப் லீவ் (தண்டனை முடியும் முன்பே வெளியே வேலை பார்த்துப் பிழைக்க விடும் அனுமதிச்சீட்டு) கொடுத்தாலும், கசையடி கொடுத்தாலும், விடுதலைச் சான்று கொடுத்தாலும், ஓடிப்போனவர் என்று கெஜட்டில் அறிவித்தாலும் கப்பல் பெயர் கூடவே வரும். இருபது ஆண்டு கழித்தும் விடாது. ஒரே கப்பல் பல தடவை வந்திருக்கும் என்பதால் ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏசியா' என்று மட்டும் எழுதி வைத்தால் பிறகு தலையில் கை வைத்துக்கொள்வீர்கள்.

கப்பலைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது திருமண அனுமதிப் பதிவேடு. கைதி கல்யாணம் செய்துகொள்ள ஆளுநரின் அனுமதி வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் கைதிகளாக இருந்தால் இருவர் கப்பலும் ஒரே வரியில் இருக்கும். எங்கள் தம்பதியின் விண்ணப்பம் 1842. மாப்பிள்ளையின் கப்பல் 1835இல் வந்தது. சான்றிதழில் மகன் சொன்ன 19 ஆண்டு உண்மையில் 18. இறப்புச் சான்றிதழில் தகவல் சொல்பவர் செத்தவர் அல்லவே. அந்த எண்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டு இடம் விட்டுத் தேடுங்கள்.

கப்பல் கிடைத்தபின் வரிசையாகக் கதவு திறக்கும். டாஸ்மேனியாவில் 1843க்கு முன்பு வந்த ஆண்களின் நடத்தைப் பதிவேடு கான் 31 (CON31) என்ற தொகுப்பு, பெண்களுக்கு கான் 40 (CON40). பக்கங்களின் படத்தையே இணையத்தில் பார்க்கலாம். மேலே குற்றம், தண்டனை, எங்கே விசாரணை. அதன்கீழ் அவர் தன் வாயால் ஒப்புக்கொண்ட முந்தைய சில்லறைக் குற்றங்கள். அப்புறம் காலனியில் வாங்கிய தண்டனைகள்: குடித்துவிட்டு வந்தது, அனுமதி இல்லாமல் வெளியே போனது, எஜமானை எதிர்த்துப் பேசியது, அதற்கு இத்தனை நாள் தனிச் சிறையில் ரொட்டியும் தண்ணீரும். எழுத்தைப் படிப்பதுதான் பெரும்பாடு, பாதிச் சொற்களைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஓரங்களையும் படியுங்கள், என்னைப் போல விட்டுவிடாதீர்கள்.

அடையாளப் பட்டியல் தனி. அதைக் கேசாதிபாதம் என்றே சொல்வேன். தலை, முடி, நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், மோவாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வர்ணித்தவர் காதலன் இல்லை, குமாஸ்தா. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே. கடைசிக் கட்டத்தில் தழும்பும் பச்சையும். எங்கள் ஆள் ஐந்தடி இரண்டரை அங்குலம், தொழில் செருப்புத் தைப்பது, இடக் கையில் நங்கூரமும் இரண்டு எழுத்துகளும் பச்சை குத்தியிருந்தார். விக்டோரியா சான்றிதழில் இருந்த அம்மா பெயரின் முதலெழுத்துகள் அவைதான். பச்சையை மட்டும் வைத்து நான் நம்பியிருக்க மாட்டேன், அந்த எழுத்துகள் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். தொழிலும் பிறந்த ஊரும் கல்யாணமும் சேர்ந்து வந்ததால் நம்பினேன்.

குற்றம், திருட்டுத் துணியை வாங்கி வைத்திருந்தது. தண்டனை 14 ஆண்டு தீவாந்தரம். திருடியவனுக்குப் பெரும்பாலும் ஏழு, வாங்கியவனுக்குப் பதினான்கு, அதுதான் அப்போதைய கணக்கு. எண்பது வயது மாமனாரிடம் தயங்கித் தயங்கித்தான் காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்போ வியாபாரி என்று பாட்டி சொன்னது பொய் இல்லை" என்றார். கப்பல் பெயரை மட்டும் வெளியே எழுத வேண்டாம் என்றார், அதனால் இங்கே எழுதவில்லை.

ஒன்றை மட்டும் இந்தக் காகிதங்களில் தேடாதீர்கள், கிடைக்காது. அவர் கூலி இல்லாமல் வேலைக்கு விடப்பட்ட பண்ணை தீவின் நடுப்பகுதியில் இருந்தது. 1830இல், அதாவது இவர் வருவதற்கு ஐந்தே ஆண்டு முன்பு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வரிசையாக நிறுத்திப் பூர்வகுடிகளை அந்தப் பகுதிகளிலிருந்து விரட்டப் பார்த்தார்கள். அந்த வரிசையில் கைதிகளும் உண்டு. நிலம் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பதிவேடு சொல்லும். யாரிடமிருந்து என்ற கட்டம் அதில் இல்லை.

உங்கள் கணவரின் ஆட்கள் நியூ சவுத் வேல்ஸ் என்றால் வழி கொஞ்சம் வேறு. அங்கே கப்பலோடு வந்த கைதிப் பட்டியலுக்கு இண்டென்ட் என்று பெயர். 1826 வாக்கிலிருந்து வந்த பட்டியல்களில் மதம், படிப்பு, பிள்ளைகள், சொந்த ஊர் எல்லாம் இருக்கும், அதற்கு முன்பு ரொம்ப மெலிவு. அவ்வப்போது ஆள் எண்ணிய பட்டியல்கள் மஸ்டர், நம்மூர் மஸ்டர் ரோலில் இருக்கும் அதே சொல். 1828 கணக்கெடுப்பைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் சுதந்திரமாக வந்தவரா, காலனியில் பிறந்தவரா, தண்டனை முடித்தவரா, இன்னும் அரசுக் கைதியா என்று சுருக்கக் குறி இருக்கும், கப்பல் பெயரும் ஆண்டும் இருக்கும். உங்கள் ஆட்களில் யாராவது 1828க்கு முன்பே வந்திருந்தால், உங்கள் கேள்விக்கு அந்த ஒரே குறியில் பதில் கிடைத்துவிடலாம். பிந்தைய கணக்கெடுப்புகளை அதிகம் நம்ப வேண்டாம். 1881 கணக்கெடுப்பின் தாள்கள் மறு வருடமே சிட்னி கார்டன் பேலஸ் கண்காட்சி மாளிகைத் தீயில் போயின.

மேற்கு ஆஸ்திரேலியா என்றால் 1850 முதல் 1868 வரை மட்டும், ஆண்கள் மட்டும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிக் கப்பலே நேரடியாகப் போகவில்லை. அங்கே பெருமைக்குக் குறைவில்லை, ஆனால் பக்கத்துக் காலனிகளிலிருந்து தண்டனை முடித்தவர்கள் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆளை மணந்த பாட்டியம்மா அயர்லாந்துக்காரி. 1922இல் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்துபோனது தெரிந்து நான் கைவிட்டிருந்தேன். ஆனால் நாடுகடத்தல் காகிதங்கள் டப்ளின் கோட்டையில் இருந்ததால் தப்பித்தன. 1988இல் அயர்லாந்து அவற்றின் நகல்களை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகவே கொடுத்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடும்பத்தார் போட்ட மனுக்களும் அதில் உண்டு. பெயர் எழுத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண் சொன்னதை ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்களின் சொந்தக்காரர்கள்தானே. ஐரிஷ் குடும்பப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'ஓ' போயிருக்கும், கடைசி எழுத்து மாறியிருக்கும்.

சிப்பாய் முன்னோர் என்றால் ஒரு துப்பு. 73ஆவது ரெஜிமென்ட் 1809 டிசம்பர் கடைசியில் சிட்னி வந்தது, 1814இல் இலங்கைக்கு மாற்றப்பட்டு மறு ஆண்டு கண்டிப் போரில் நின்றது. சிட்னியில் பிறந்த பிள்ளைகளும் கூடப் போனார்கள். ஒரு சிப்பாய்க் குடும்பம் 1814இல் திடீரென்று காணாமல் போனால் கொழும்புத் தேவாலயப் பதிவுகளில் தேடுங்கள்.

குற்ற விசாரணை லண்டனில் நடந்திருந்தால் ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் முழுவதும் இணையத்தில் இலவசம், சாட்சிகள் பேசியது உட்பட. வெளியூர் என்றால் அந்தந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகம். ஆஸ்திரேலியப் பழைய பத்திரிகைகளுக்கு ட்ரோவ் தளம், சிட்னி கெஜட் 1803இலிருந்தே இருக்கிறது. அந்தப் பத்திரிகையை முதலில் அச்சடித்தவரே ஒரு கைதிதான்.

கட்டணம் கட்டி ஆயத்தக் குடும்ப மரம் தரும் தளங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நான் துரத்திய 1833காரர் அங்கே இன்னமும் மூன்று மரங்களில் எங்கள் குடும்பத் தலைவராக உட்கார்ந்திருக்கிறார். திருத்தச் சொல்லி எழுதினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

முதல் வேலையாக உங்கள் கணவரின் அந்தப் பக்க முன்னோரில், 1853க்குப் பிறகு விக்டோரியாவிலோ 1856க்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸிலோ இறந்த மிகப் பழைய ஆளின் இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். கையெழுத்து புரியாவிட்டால் அந்த வரியை மட்டும் படமெடுத்துப் போடுங்கள், நான் பார்க்கிறேன்.